ஐஸ் பெட்டிக்குக் கிடைத்த சைக்கிள்

சைக்கிளின் செயின் கார்டில் சிவப்பு நெயில் பாலிஷால் ‘மோகனப்பிரியா’ என்று எழுதியிருந்தது. எல்லப்பன் அதே சைக்கிளின் கேரியரில் ஐஸ் பெட்டியை ஏற்றி, லாரி ட்யூபை நீளமாக வெட்டி எடுத்த பட்டையால் இழுத்து இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். பெயருக்குச் சொந்தக்காரி யூனிபார்முடன் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பன் ஒரு பக்கம் இழுக்க, மகள் மறுபக்கம் விடாமல் நிற்க, பெட்டியின் ஓட்டையிலிருந்து இறால் தண்ணீர் சொட்டி சீட்டின் மேல் வழிந்தது.

“நைனா, வர்ற வியாழக்கெழம ஒரே ஒரு நாள் குடு. பிராக்டிகல் பரீச்ச. ஒம்போது மணிக்குக் கதவச் சாத்திடுவாங்கோ.”

“கைய எடு மோகனா. ஐஸ் கரையுது.”

“என் சைக்கிள் நைனா.”

எல்லப்பன் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தான். முரட்டு மனிதன் இல்லை, பயந்த மனிதன். பயந்தவன் வீட்டில் மட்டும் கொஞ்சம் முரடாக இருப்பது வழக்கம்தான். லுங்கியை மடித்துக் கட்டினான், சைக்கிளைத் தன் பக்கம் லேசாகச் சாய்த்தான், வலது காலை சீட்டுக்கு முன்னால் இருக்கும் தாழ்வான இடம் வழியாக அந்தப் பக்கம் நுழைத்தான், உந்தினான், போய்விட்டான். வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த தேவகி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையிலிருந்த மடவைக்குக் குடல் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் இருந்தது.

நெடுந்திட்டு ஏரிக்கரைக் குப்பம். பழவேற்காட்டில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு இங்கிருந்து பதினோரு கிலோமீட்டர். போன மழையில் கால்வாய்ப் பாலம் இடிந்ததோடு காலை பஸ்ஸும் நின்றுபோனது. இப்போது பாலத்தின் மேல் பலகை போட்டிருக்கிறார்கள். மொபெட்டும் சைக்கிளும் அதன் மேல் போகின்றன. பதினொன்றாம் வகுப்பில் பிள்ளைகளுக்கு அரசாங்கம் இலவச சைக்கிள் தருகிறது. பெண் பிள்ளைகளுக்குக் குறுக்குக் கம்பி இல்லாத லேடீஸ் சைக்கிள். பாவாடையோ சுடிதாரோ மாட்டாமல், காலைத் தூக்கிப் போடாமல், மானமாக ஏறி உட்காரலாம் என்று எவரோ யோசித்துச் செய்தது. நெடுந்திட்டில் இதுவரை பதினான்கு பெண்களுக்கு அது கிடைத்திருக்கிறது. பதினான்கும் இன்று ஐஸ் பெட்டி சுமக்கின்றன.

காரணம் எளிது. கேரியரில் முப்பது கிலோ பெட்டி இருந்தால் பின்பக்கமாகக் காலைச் சுழற்றி ஏற முடியாது. ஆண்கள் சைக்கிளில் முன்பக்கமாக ஏறலாம் என்றால் குறுக்குக் கம்பியில் லுங்கி மாட்டும், சைக்கிள் பெட்டியோடு மல்லாக்கச் சாயும். லேடீஸ் சைக்கிளில் அந்தத் தொல்லை கிடையாது. நுழை, உட்கார், மிதி. பெண்ணின் மானத்துக்காக வளைத்த இரும்பு ஆணின் லுங்கிக்கு அளவாக அமைந்துவிட்டது. மொபெட் வாங்க முடிந்தவர்கள் மொபெட்டில் போனார்கள். முடியாதவர்களுக்கு வீட்டில் ஒரு பெண் பிள்ளை படித்தால் போதும் என்றாகிவிட்டது.

ஆனால் பெண்ணிடமிருந்து சைக்கிளைப் பிடுங்கினோம் என்று எந்த ஊரும் சொல்லிக்கொள்ளாது. அதற்கு ஒரு கதை வேண்டும். கதையைக் குணசுந்தரி கொடுத்தாள். இரண்டு வருடத்துக்கு முன் அவள் கல்லூரிக்கு என்று பொன்னேரி வரை சைக்கிளில் போய்க்கொண்டிருந்தாள். ஒருநாள் ஸ்டேஷன் ஸ்டாண்டில் சைக்கிளை நிறுத்திப் பூட்டிவிட்டு, சாவியைத் தபாலில் அம்மாவுக்கு அனுப்பிவிட்டு, வேறு சாதிப் பையன் ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். ஊர் கூடியது. பெண்ணைத் திட்ட முடியும், பிடிக்க முடியாது. பையனின் ஊருக்குப் போய்ச் சண்டை போடத் தெம்பில்லை. ரயிலைத் தண்டிக்க வழியில்லை. கைக்குச் சிக்கியது சைக்கிள்தான்.

அம்மன் கோயில் முன்னால் நாட்டார் இளங்கோவன் தீர்ப்பு சொன்னார். அவர் ஊர்த் தலைவர், குணசுந்தரியின் பெரியப்பா. ஊர்க் கட்டுப்பாடு அவர் வாயில்தான் பிறக்கும். “வயசுக்கு வந்த பொண்ணு கல்யாணம் ஆவுற வரைக்கும் சைக்கிள் ஏறக் கூடாது. ஏறுனா அந்த வூட்டுக்குப் பாடு கெடையாது.” சைக்கிள் மிதித்தால் கர்ப்பப்பை கீழே இறங்கிவிடும், பிள்ளை தங்காது என்று ஒரு மருத்துவமும் சேர்த்துச் சொன்னார். எந்த டாக்டர் சொன்னது என்று ஒருவரும் கேட்கவில்லை. அதன்பின், சைக்கிள் சும்மா துருப்பிடித்து வீணாகப் போகிறதே என்று ஒவ்வொரு வீட்டு ஆணும் மிகவும் வருத்தப்பட்டு அதை எடுத்துக்கொண்டான். குணசுந்தரியின் சைக்கிளை நாட்டாரே எடுத்துக்கொண்டார்.

பாடு என்பது சின்ன விஷயமில்லை. ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்களை வீட்டுக்கு வீடு முறை வைத்துப் பிரித்திருக்கிறார்கள். உன் முறை வரும் நாளில் நீ அங்கே வலை கட்டலாம். முறையைத் தள்ளி வைத்தால் கண்ணெதிரே ஏரி இருக்கும், அடுப்பில் உலை இருக்காது. எல்லப்பனின் பயம் இதுதான். அவன் பயத்தைக் குறை சொல்ல முடியாது. அந்தப் பயத்தின் மேல் தினமும் பெட்டி கட்டி ஓட்டியதைத்தான் குறை சொல்ல வேண்டும்.

மோகனப்பிரியா பிளஸ் டூ. நடந்து போனால் இரண்டரை மணி நேரம். சவுக்குத் தோப்பு வழியாக விடியும் முன் தனியாக நடக்க முடியாது. எவனாவது ஒருவனின் மொபெட்டில் பின்னால் ஏறினால் அதற்கு வேறு பேச்சு. ஷேர் ஆட்டோ கூடை நிறைந்தால்தான் கிளம்பும். வாரத்தில் மூன்று நாள் அவள் போய்ச் சேரும்போது இரண்டாவது பீரியட் ஓடிக்கொண்டிருக்கும். உயிரியல் டீச்சர் செசிலியா அவளைத் தனியாகக் கூப்பிட்டு, பிராக்டிகலுக்கு மட்டும் தாமதமாக வந்துவிடாதே, அதில் ஆப்சென்ட் என்றால் எழுத்துத் தேர்வில் எவ்வளவு எடுத்தும் பிரயோஜனமில்லை என்று சொல்லியிருந்தார். வியாழன் உயிரியல், திங்கள் வேதியியல். தேறாவிட்டால் என்ன நடக்கும் என்பதும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அத்தை மகன் மனோஜுக்குக் கேட்டு இரண்டு முறை வந்துவிட்டுப் போயிருந்தார்கள்.

அன்று மத்தியானம் தேவகி நாட்டார் வீட்டுக்குப் போனாள். அவர் வேப்பமர நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் குணசுந்தரியின் சைக்கிள், கேரியரில் பெட்டியோடு. செயின் கார்டில் ‘குணா’ என்ற பெயரும் ஒரு சின்னப் பூவும். யாரோ கல்லால் சுரண்டியிருந்தார்கள். பூ போய்விட்டது, பெயர் போகவில்லை.

ஒரே ஒரு நாளைக்கு, பரீட்சைக்கு மட்டும் ஊர் அனுமதி கொடுக்க வேண்டும் என்று தேவகி கேட்டாள். கும்பிட்டுத்தான் கேட்டாள். நாட்டார் சிரித்தார்.

“இன்னாமே தேவகி, படிச்சி கலெக்டராவப் போறாளா? கல்யாணத்தப் பண்ணிக் குடு. அப்பால எம்மாம் தூரம் வேணாலும் மிதிக்கட்டும், எவன் கேக்கப் போறான்?”

“பரீச்ச முடிஞ்சதும் பாக்கலாம் நாட்டாரே.”

“சொல்றத கேளு. வயசுப் பொண்ணு அந்த சீட்டு மேல குந்திக்கினு குலுங்கிக் குலுங்கிப் போனா, உள்ள கீறது கீறபடி இருக்குமா? நாளைக்கிக் கட்டிக்கப் போறவன் இன்னா நெனைப்பான்? நம்ம வூட்டுல ஒண்ணு அப்புடித்தான கெட்டுப் போச்சி.”

சொல்லிவிட்டு, பல்லில் சிக்கியிருந்ததை எடுத்துப் பார்த்து, சைக்கிள் சீட்டின் மேலேயே சுண்டினார். தேவகி மீன் குடலில் கைவிட்டு வளர்ந்தவள், செத்த நண்டை ஒதுக்கிப் பிழைப்பவள். நாற்றம் அவளுக்குப் புதிதல்ல. இது வேறு நாற்றம். பதினேழு வயதுப் பிள்ளையின் பாவாடைக்குள் என்ன இருக்கிறது என்று அறுபது வயது ஆள் வெயிலில் உட்கார்ந்து நியாயம் பேசுகிற நாற்றம். த்தூ என்று துப்ப வேண்டும் போல எச்சில் ஊறியது. தெரு முனை வரை அதை வாயிலேயே வைத்துக்கொண்டு போய் அங்கே துப்பினாள்.

துப்பிய இடத்தில் சிறிது நேரம் நின்றாள். நாட்டார் சொன்னதில் ஒன்று மட்டும் அவள் காதில் தங்கியிருந்தது. கல்யாணம் ஆனால் எவன் கேட்கப் போகிறான்.

மறுநாள் எல்லப்பன் பழவேற்காட்டில் இறாலை விற்றுவிட்டுத் திரும்பிப் பெட்டியை இறக்கிவிட்டுத் தூங்கியதும், தேவகி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏரிப் பக்கம் போனாள். தண்ணீர் வற்றிய இடத்தில் தரை தட்டையாக, அப்பளம் மாதிரி வெடித்துக் கிடந்தது. சனி, ஞாயிறு, மகளுக்குப் பள்ளி இல்லை. மோகனப்பிரியா மீஞ்சூரில் பெரியம்மா வீட்டில் இருந்தபோது ஓட்டக் கற்றவள். ஆனால் இங்கே ஒரு தடவை ஏறிக் காட்டினால் போதும், கரையிலிருந்து பார்க்கிற எவனாவது போய்ச் சொல்லிவிடுவான். ஆகவே அவள் ஏறவே இல்லை. கேரியரைப் பிடித்துக்கொண்டு அம்மாவுக்கு வாயாலேயே சொல்லிக் கொடுத்தாள். சைக்கிளை உன் பக்கம் சாய்த்துக்கோ. இடது கால் தரையில். வலது காலை உள்ளே விடு. அந்தப் பக்கப் பெடல் மேலே இருக்கட்டும். அதை மிதித்துக்கொண்டே எழு, சீட்டு தானாக உன்னிடம் வரும்.

சீட்டு வரவில்லை, தரைதான் வந்தது. முப்பத்தெட்டு வயதில் விழுவது எட்டு வயதில் விழுவது போல இல்லை. முதல் நாள் பதினேழு தடவை விழுந்தாள். பெடல் முழங்காலுக்குக் கீழே சதையைக் கிழித்தது. புடவை செயினில் மாட்டி ஒரு சாண் கிழிந்தது. மறுநாள் முன்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டாள். நண்டு பொறுக்க வந்த பெண்கள் நின்று சிரித்தார்கள். ஆண்களுக்கும் சேதி போயிற்று. தேவகிக்கு சினிமா நடிகை ஆக ஆசை வந்துவிட்டது என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். நாட்டாரும் சிரித்தாராம். சிரிப்புக்குரிய காரியத்துக்கு யாரும் தடை போடுவதில்லை.

புதன்கிழமை அவள் நேராகப் போய், வளைந்து, திரும்பி வந்தாள். இறங்கத்தான் தெரியவில்லை, ஒரு மேட்டில் மோதி நிறுத்தினாள். மோகனப்பிரியாவை அழைத்து கேரியரில் உட்காரச் சொன்னாள். மகள் நாற்பத்து மூன்று கிலோ. பெட்டியை விடக் கனம், ஆனால் தண்ணீர் சொட்டவில்லை.

வியாழக்கிழமை காலை எல்லப்பன் பெட்டியை நிரப்பிக்கொண்டு வந்தபோது சைக்கிள் கழுவித் துடைத்து நின்றது. சீட்டின் மேல் மகளின் பழைய தாவணி மடித்துக் கட்டியிருந்தது. தேவகி ஹேண்டில்பாரைப் பிடித்திருந்தாள்.

“இன்னா இது? எறா கெட்டுப் பூடும்.”

“பெட்டிய தலையில வை. நானு பத்து வருசம் வச்சிக்கினு போவல?”

“பாடு பூடும்டி.”

“அவ ஏறல. நானு ஏறுறேன். எனக்குக் கல்யாணம் ஆயி பத்தொம்போது வருசம் ஆவுது. இன்னும் சந்தேகம்னா நீயே வந்து சாட்சி சொல்லு.”

எல்லப்பன் கடைசியில் சும்மாட்டைத் தேட ஆரம்பித்தான். தேவகி சைக்கிளைச் சாய்த்தாள், காலை நுழைத்தாள், மிதித்து எழுந்தாள். மோகனப்பிரியா நான்கு எட்டு கூடவே ஓடி கேரியரில் தாவி உட்கார்ந்தாள்.

கோயில் முன்னால் அந்த வாரத்துப் பாடு யாருக்கு என்று பேச ஆண்கள் கூடியிருந்தார்கள். சைக்கிள் அவர்கள் நடுவே ஆடிக்கொண்டு வந்தது. யாரோ சிரித்தார்கள். பின்னால் யூனிபார்மில் உட்கார்ந்திருப்பது யார் என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றது. நாட்டார் எழுந்து கை காட்டினார். தேவகி நிற்கவில்லை. நிற்கக்கூடாது என்று இல்லை. அவளுக்கு இன்னும் நிறுத்தத் தெரியாது. கொஞ்சம் தள்ளித் தலையில் பெட்டியோடு எல்லப்பன் நடந்து வந்தான். பத்தொன்பது வருடத்தில் அவன் தலையில் பெட்டியைப் பார்ப்பது ஊருக்கு அதுதான் முதல் தடவை.

பாலம் தாண்டியதும் நான் மிதிக்கிறேன் என்று மோகனப்பிரியா கேட்டாள். தேவகிக்குத் தொடை நடுங்கியது, மூச்சு வாங்கியது.

“வாணாம். ஏரிக்கும் கண்ணு கீது. நீ அந்தத் தவள படத்த நெனச்சிக்கினு வா.”

எட்டு ஐம்பதுக்குப் பள்ளி வாசலின் சுவரில் மோதி சைக்கிள் நின்றது. செசிலியா டீச்சர் தேவகியின் காலில் வழிந்த ரத்தத்தைப் பார்த்து முதலுதவிப் பெட்டியை எடுத்து வரச் சொன்னார். மகள் உள்ளே போனாள். கதவு அதற்குப் பிறகுதான் சாத்தப்பட்டது.

அன்று சாயங்காலமே ஊர் கூடியது. கோயில் சுவரோரமாக சைக்கிள்கள் வரிசையாகச் சாய்ந்திருந்தன. கரையிலிருந்து நேராக வந்தவர்கள் பெட்டியோடு நிறுத்தியிருந்தார்கள். பெண்கள் உட்காரும் வழக்கமில்லை. தேவகி அந்த வரிசையின் பக்கத்தில் நின்றாள். எல்லப்பன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நடுவில் நின்றான்.

அவள் கட்டுப்பாட்டை மீறவில்லை என்பதுதான் நாட்டாருக்குப் பெரிய தொல்லை. மீறியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். அரை மணி நேரம் பேசினார்கள். கட்டுப்பாட்டைக் கேலிக்கூத்தாக்கினாள் என்றார் ஒருவர். இன்று அம்மா ஓட்டுவாள், நாளை மகள் ஓட்டுவாள் என்றார் இன்னொருவர். கல்யாணமானவளுக்கும் கர்ப்பப்பை உண்டுதானே என்று மூன்றாவது ஆள் கண்டுபிடித்துச் சொன்னதும் எல்லோருக்கும் நிம்மதி வந்தது. இனி இந்த ஊரில் பெண் என்று பிறந்த யாரும் சைக்கிள் ஏறக்கூடாது. எல்லப்பன் வீட்டுக்கு இரண்டு முறை பாடு கிடையாது. எல்லப்பன் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டான். நாட்டார் தேவகியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. ஐந்தாவது வரை படித்தவள், செயின் கார்டுகளில் விரல் வைத்து எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

“ரோஸ்மேரி… எலிசபெத்… இது அழிஞ்சி கீது… குணா…”

“இன்னாமே அங்க மொணமொணக்குற?”

“ஒண்ணுமில்ல நாட்டாரே. யார் யார் இங்க குந்திகினு கீறாங்கோன்னு படிக்கிறேன்.”

ரோஸ்மேரியின் அப்பா செருப்பைத் தேடுவது போலக் குனிந்துகொண்டார். எலிசபெத்தின் அண்ணன் ஏரியைப் பார்த்தான். வேறு எதுவும் நடக்கவில்லை. கூட்டம் கலைந்தது. நாட்டார் லுங்கியை மடித்துக் கட்டி, குணாவைத் தன் பக்கம் சாய்த்து, காலை உள்ளே நுழைத்து, மிக மானமாக ஏறி உட்கார்ந்து வீட்டுக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லப்பன் வீட்டு முறை. அவன் வலையை எடுக்கவில்லை. அந்த இடத்தில் வேறொருவன் வலை கட்டினான். இரவுச் சோற்றுக்கு ரேஷன் அரிசியும் கருவாட்டுத் தூளும் இருந்தன. யாரும் யாரையும் திட்டவில்லை. தேவகி காலில் மஞ்சள் அரைத்துப் பூசிக்கொண்டாள்.

திங்கள் காலை பழக்க தோஷத்தில் எல்லப்பன் நாலரைக்கே எழுந்தான். பாடு இல்லை, ஆகவே இறால் இல்லை. இறால் இல்லாத வீட்டுக்கு ஐஸ் பெட்டி எதற்கு, பெட்டி இல்லாத ஆளுக்கு சைக்கிள் எதற்கு? இது அவனுக்கு மெதுவாகத்தான் விளங்கியது. விளங்கியதும் காலிப் பெட்டியைச் சுவரோரம் கவிழ்த்து வைத்தான். ட்யூப் பட்டையைச் சுருட்டி ஆணியில் மாட்டினான். மோகனப்பிரியா பையோடு வெளியே வந்தபோது அவன் முன்சக்கரத்தை விரலால் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“காத்து கொஞ்சம் கம்மியாத்தான் கீது. பலகையாண்ட பாத்துப் போ.”

தேவகி வாசலில் வந்து நின்றாள். இன்றைக்கு அவளால் காலை மடக்க முடியவில்லை. அவள் வரப்போவதும் இல்லை. மோகனப்பிரியா இருவரையும் பார்த்தாள். சைக்கிளைத் தன் பக்கம் சாய்த்தாள், காலை நுழைத்தாள், மிதித்து எழுந்தாள். சீட்டு தானாக வந்தது.

கோயில் சந்து குறுகலானது. எதிரே கரைப் பக்கமிருந்து நாட்டார் குணாவின் மேல் வந்தார், பின்னால் பெட்டி நிறைய இறால். அவளைப் பார்த்ததும் அவர் முகம் கறுத்தது.

“ஏய், எறங்கு. பாடு பூடும், தெரியுமில்ல?”

“அது பூட்ச்சுங்களே நாட்டாரே,” என்றாள் மோகனப்பிரியா.

மணியை அடித்தாள். சந்தில் ஒரு சைக்கிள் போகத்தான் இடம். நாட்டார் காலை ஊன்றினார். பெட்டி ஒரு பக்கம் இழுத்தது. சுவரோடு சுவராக ஒதுங்கினார். அவள் போனாள். எல்லப்பன் வீட்டிலிருந்து பிடுங்கிக்கொள்ள ஊருக்கு அன்றைக்கு எதுவும் மிச்சமில்லை.